கை தூக்க வேண்டிய பெயர்கள்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுதுவதென்றால் கடைக்குச் சாமான் துண்டு எழுதுவேன், அவ்வளவுதான். ஆகவே இதில் வரி கோணலாகப் போகும். முன்னுக்குச் சொல்ல வேண்டியது பின்னுக்கு வரும். மறதியும் உண்டு. காலையில் மருந்துக் குளிசை போட்டேனா என்று மத்தியானம் பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனுசியைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஆட்களில் அவரோடு பழகியது நான் ஒருத்திதான்.

அவரின் பெயரை எழுத மாட்டேன். எழுத வேண்டாம் என்று அவரே சொன்னார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அக்கா என்றால் என்ன என்று ஒருநாள் விளக்கிச் சொன்னேன். சம்மதம் என்று தலையாட்டினார்.

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில் ஒரு பழைய அடுக்குமாடியில். நான், மகன் ரமணன், மருமகள் மேனகா. அக்கா எங்களுக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். கொங்கோ நாட்டுக்காரர். நல்ல உயரம், அகன்ற தோள். தலையில் எந்நேரமும் பூப்போட்ட துணி கட்டியிருப்பார். கட்டடத்துக்குக் கீழே உடுப்புத் தோய்க்கிற அறை இருக்கிறது, லோண்டறி என்று சொல்வோம். செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே கூட்டம் இருக்காது. நான் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போகிற ஆள். அக்காவும் அதே நேரம்தான் வருவார், ஆனால் கூட்டத்துக்குப் பயந்து அல்ல. கதவுப் பக்கத்து மெசின் சுற்றும்போது ஒரு தாளம் வருகிறது, மற்ற மெசின்களுக்கு அது வராது, சனம் இருந்தால் அது கேட்காது என்பார்.

முதன்முதல் நான் கண்டபோது அந்த மெசினின் மூடியில் விரலால் தட்டிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார். ஒரு சொல், ஒரு தட்டு. இன்னொரு சொல், இன்னொரு தட்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் வலது கையைத் தூக்கி இறக்கினார். செபம் சொல்கிறார் என்று நினைத்து நான் வாசலிலேயே நின்றேன். நடுவில் போய்க் குழப்பக் கூடாதே. கூடையோடு கால் கடுக்க நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் அதில நிக்கிறீர்? உள்ளுக்கு வாரும். உம்மட பேர் என்ன?"

இதை நான் என் தமிழில் எழுதுகிறேன். அவருக்குத் தெரிந்தது பிரெஞ்சும் சொந்தப் பாஷையும். எனக்குத் தெரிந்தது தமிழ். இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் ஓட்டை ஆங்கிலம் இருந்தது. அதில் அவர் சொன்னதை நான் எப்படி விளங்கிக்கொண்டேனோ அப்படித்தான் எழுத முடியும். வாசிக்கும்போது அக்கா எங்கள் பக்கத்து ஆள் மாதிரிக் கதைப்பார். குறை நினைக்காதீர்கள்.

பேர் என்ன என்று கேட்டால் நான் எதைச் சொல்வது? எங்களில் ஒரு வயதுக்குப் பிறகு பெண்ணின் பெயரை யார் சொல்கிறார்கள்? கலியாணம் முடித்த பிறகு என் மனுசன் "இஞ்சேரும்" என்று கூப்பிட்டார். பிள்ளை பிறந்த பிறகு ஊருக்கு நான் ரமணன் அம்மா. கனடாவுக்கு வந்த பிறகு அன்ரி. ஆஸ்பத்திரியில் மட்டும் பெயரைக் கூப்பிடுவார்கள். அவர்கள் கூப்பிடுகிற விதத்தில் அது வேறு யாரோ போலிருக்கும், இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் எழும்புவேன். ஆகவே வழக்கப்படி "ரமணன் அம்மா" என்றேன்.

அதையே என் பெயர் என்று எடுத்துக்கொண்டார். மாதக்கணக்காக எலிவேற்றரிலும் வாசலிலும் "ரமணன்அம்மா" என்று ஒரே மூச்சில் கூப்பிட்டார். பிறகு ஒருநாள் ரமணன் எனக்குக் கூடை தூக்க வந்தான். அக்கா அவனிடமும் பெயரைக் கேட்டார். சொன்னான். அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரோ?"

"இல்லை அன்ரி, நான் ரமணன். இவ என்ர அம்மா."

"அப்ப இவவின்ர பேர்?"

ரமணன் சிரித்தான். "அம்மாதான்."

அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நாளும் உம்மட மகன்ர பேரையோ என்னட்டைத் தந்து வச்சிருந்தனீர்?"

அன்றைக்குத்தான் சொன்னேன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. கனகாம்பிகை. அவர் அதை மெசின் மூடியில் தட்டிப் பார்த்தார். கன-காம்-பிகை. இரண்டு தரம் பிழைத்துப் பிறகு சரியாக வந்தது. "நல்ல பேர். நடுவில ஒரு குதி இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து உடுப்பு மடிக்கும்போது நானும் ஒருதரம் மெல்லமாகச் சொல்லிப் பார்த்தேன். இருந்ததுதான், ஒரு குதி.

அவரின் குணமே அதுதான். முதலில் பெயர், பிறகுதான் விஷயம். பஸ்ஸில் ஏறினால் சாரதியின் பெயர். ஊசி போட வந்த தாதியின் பெயர். கேட்ட பெயரை மறக்கவும் மாட்டார். எதையோ விற்க யாராவது டெலிபோன் எடுத்தால் அவனின் பெயரைக் கேட்பார், ஊரைக் கேட்பார், தாயின் பெயரையும் கேட்பார். கடைசியில் அந்தப் பெடியன்தான் தனக்கு வேலை இருக்கிறது என்று போனை வைப்பான்.

கட்டடத்தைப் பார்க்கிற ஆளை இங்கே சுப்பர் என்பார்கள், எங்கள் கட்டடத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். யாருக்கும் முகம் கொடுக்க மாட்டார். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் ஒரு கிழமை செல்லும். அக்காவின் குழாய் ஒழுகினால் அன்றைக்கே சாவியும் கையுமாக வந்து நிற்பார். மேனகாவுக்கு அது பொறுக்காது.

"மாமி, அவ என்ன வசியம் செய்து வச்சிருக்கிறா?"

"பேர் சொல்லிக் கூப்பிடுறா பிள்ளை. அவ்வளவுதான்."

"எனக்கும்தான் தெரியும் அந்தாளின்ர பேர்."

"என்ன பேர்?"

மேனகா யோசித்தாள். "சுப்பர்" என்றாள். பிறகு தானே சிரித்துவிட்டாள்.

அக்கா முந்தி யாராக இருந்தார் என்பது எனக்குக் கனகாலம் தெரியாது. அவர் சொல்லவில்லை. தெரிய வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்.

ரமணன் கிழமை நாட்களில் அஜக்ஸில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். சனி ஞாயிறுகளில் கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று போய்ப் பாட்டுப் போடுவான். டிஜே. அன்றைக்குப் புதிதாக வாங்கின ஸ்பீக்கரை வீட்டில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தான். அவன் போட்டது எல்லாக் கொண்டாட்டத்திலும் சாப்பாடு முடிந்ததும் போடுகிற ஒரு பாட்டு. ஆபிரிக்கப் பாட்டு, சொல் ஒன்றும் விளங்காது. ஆனால் அது தொடங்கியதும் இருந்தவர் நின்றவர் எல்லாரும் ஹோலின் நடுவுக்கு ஓடுவார்கள். பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் பாடுகிற குரல் நின்றுவிடும், வெறும் மேளம் மட்டும் போகும். அந்த இடத்தில் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து நிலத்தோடு நிலமாகப் போவார்கள். குரல் திரும்பி வந்ததும் துள்ளி எழும்புவார்கள். எத்தனையோ ஹோலில் நான் பின்வரிசையில் இருந்து இதைப் பார்த்திருக்கிறேன்.

கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நான் சொன்னனான்தானே சத்தம் கூட எண்டு" என்றாள் மேனகா. "முறைப்பாட்டுக்கு ஆள் வந்திட்டுது. போய்க் கதையுங்கோ."

ரமணன் கதவைத் திறந்தான். அக்கா நின்றார். தலையில் துணி இல்லை. அவரின் நரைத்த தலையை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன்.

"சொறி அன்ரி, குறைக்கிறன்."

"குறைக்காதை தம்பி. முதலில இருந்து போடு."

அவன் போட்டான். அக்கா அறையின் நடுவில் வந்து நின்று அதோடு சேர்ந்து பாடினார். பெட்டிக்குள்ளே பாடியது இளம்பெண். வெளியே பாடியது கிழவி. ஆனால் மூச்சு எடுக்கிற இடம் இரண்டுக்கும் ஒன்று. ரமணனின் வாய் திறந்தபடி இருந்தது. போனை எடுத்துத் தேடி ஒரு பழைய படத்தைக் காட்டினான். கிற்றார் வைத்திருக்கிற ஆண்கள் பின்னுக்கு வரிசையாக நிற்க, முன்னுக்கு ஒரு பெண் கையை உயர்த்தியபடி நிற்கிறார். அதே தோள்.

"அம்மா, உங்களுக்கு விளங்குதே? அந்தக் காலத்தில பொம்பிளையள் பின்னால நிண்டுதான் பாடுறவையாம். இவதான் முன்னுக்கு வந்து முழு பாண்டையும் நடத்தினவ. இப்ப வாற ஆட்டப் பாட்டில அரைவாசி இதைப் பார்த்துச் செய்ததுதான். லண்டன், பாரிஸ், எல்லா இடமும். நான் இதைப் போடாத கலியாண வீடே இல்லை." பிறகு அக்காவைப் பார்த்தான். "அன்ரி, அந்த மேளம் மட்டும் போற இடம்தான் பாட்டின்ர உயிர். அதைத்தான் எல்லாரும் வெட்டி எடுக்கிறவை. அதை வெறுமையா விட உங்களுக்கு எப்பிடி யோசனை வந்தது?"

அக்கா கதிரையில் இருந்தார். தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"நான் வெறுமையா விடேல்லை" என்றார். "அதில ஆக்கள் இருந்தவை."

அவர்களின் நாட்டு ஆட்டப் பாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாட்டு உச்சத்துக்கு வரும்போது பாடுகிறவர் ஆட்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கல் எறிகிறது என்று அதைச் சொல்வார்களாம். அக்காவின் பாண்டில் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பெயர் விழுந்தவர் கையைத் தூக்க வேண்டும். அவர் சபையில் இல்லையென்றால் கிட்ட நிற்கிற யாராவது அவருக்காகத் தூக்க வேண்டும். யாரும் தூக்காவிட்டால் அந்தப் பெயர் நிலத்தில் கிடந்துவிடும். பெரிய மனிதர்கள் பாடகர்களுக்குக் கொடுக்கிறதைக் கொடுத்துத் தங்கள் பெயரைச் சொல்விப்பார்கள். அக்கா அவர்களைக் கூப்பிடுவதில்லை. மேளம் அடித்த செலெஸ்தேனைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் உடுப்புத் தைத்த மாத்தில்த்தைக் கூப்பிட்டார். வாசலில் ரிக்கற் கிழித்த மொகாலோ, சமைத்துப் போட்ட அன்த்வனெத், கிற்றாருக்கு நரம்பு பூட்டிய லுக்கோம்பே.

"கேட்டு வாற ஆளுக்கு ஏற்கெனவே பேர் இருக்கு" என்றார். "நான் ஏன் அதை எறிய வேணும்?"

பாட்டை இசைத்தட்டாகப் போட வந்த கம்பனிக்காரர் அதிகாரத்தில் இருந்த ஒரு பெரியவரின் பெயரை அந்த இடத்தில் சொல்லச் சொன்னார்களாம். இவர் மாட்டேன் என்றார். அப்படியென்றால் ஒருவரின் பெயரும் வேண்டாம் என்று அந்த இடத்தில் குரலை வெட்டிவிட்டார்கள். மேளம் மட்டும் மிஞ்சியது. அந்த ஓட்டையோடு பாட்டு உலகம் முழுக்கப் போனது. அந்த ஓட்டையைத்தான் எல்லாரும் குனிந்து குனிந்து ஆடுகிறார்கள். பெயர் வராத பெரியவரும் சும்மா இருக்கவில்லை. அக்காவுக்கு அந்த நாட்டில் இருக்க முடியாமல் போனது. அதை அவர் நீட்டிச் சொல்லவில்லை, நானும் தோண்டிக் கேட்கவில்லை. எங்களிடமும் நீட்டிச் சொல்லாத கதைகள் இருக்கின்றனதானே.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லோண்டறியில் அவர் சொன்னது செபம் அல்ல, அந்த ஐந்து பெயர்கள். சொல்லாமல் விட்டால் மறந்துபோகும் என்று கிழமைக்கு ஒருதரம் சொல்லிப் பார்ப்பார். அவரே கூப்பிட்டு, கை தூக்க வேறு ஆள் இல்லாததால் அவரே தூக்குவார்.

மாசி மாதம், வெளியே பனி குவிந்திருந்த நாள். இரண்டு பேரும் ஒரு பெட்சீற்றின் இரண்டு பக்கத்தைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். அக்காவின் குரல் சில கிழமையாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. தடிமன் என்று நினைத்திருந்தேன்.

"தொண்டையில கட்டி" என்றார். "வெட்ட வேணுமாம். வெட்டினால் பிறகு குரல் வராது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

நான் பிடித்திருந்த முனையை விட்டுவிட்டேன். அவர் குனிந்து எடுத்து மறுபடியும் என் கையில் தந்தார்.

"பாடினது காணும். எனக்கு அதில குறை இல்லை. ஆனா அந்தப் பேருகள் ஒரு இடத்திலயும் பதிஞ்சு இல்லை. ஒருக்கா, ஒரு ஹோல் நிறையச் சனம் ஆடேக்கை, அந்த இடத்தில அவையைக் கூப்பிட்டிட்டுப் போனா நல்லது."

நான் அவரைக் கேட்டேன், நாளைக்கு யாராவது உங்களைப் பற்றி என்னிடம் கேட்டால் என்ன சொல்கிறது என்று.

"என்ர பேரைச் சொல்ல வேண்டாம். பாட்டில என்ர குரல் இருக்கு, அது காணும். பேர் வைக்க இடம் கொஞ்சம்தான். அதை அவைக்கு விடும்."

அவ்வளவுதான் சொன்னார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், மேனகாவின் தங்கையின் கலியாண ரிசெப்ஷனுக்கு ரமணன்தான் பாட்டுப் போடப் போகிறான். அக்காவின் ஒப்பரேஷன் அதற்கு அடுத்த கிழமை. கேட்க வேண்டியது நான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் மணியை இழுக்கக் கூச்சப்பட்டு, யாராவது இழுக்கும் வரை இருந்து, இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். மூன்று நாள் வாய்க்குள் வைத்திருந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன்.

மேனகா கரண்டியை வைத்துவிட்டாள்.

"மாமி, என்ன கதைக்கிறியள்? மாப்பிள்ளை பகுதி மிசிசாகாவில இருந்து வருகினம். எல்லாத்துக்கும் குறை பிடிக்கிற ஆக்கள். அதுக்குள்ள செத்த ஆக்களின்ர பேரைக் கூப்பிடுறதோ? நல்ல காரியம் நடக்கிற இடத்தில?"

"செத்திட்டினமோ இருக்கினமோ எண்டு அக்காவுக்கே தெரியாது பிள்ளை."

"அது இன்னும் மோசம்."

ரமணன் கோழிக்கறியைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "சனம் நிண்டிடும் அம்மா. எனக்கும் விருப்பம்தான். ஆனா ஆடுற நேரத்தில விளங்காத பேருகளைக் கூப்பிட்டா எல்லாரும் கதிரைக்குப் போயிடுவினம். ஒருக்காப் போனா திருப்பிக் கூப்பிடேலாது."

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"தாலி கட்ட முன்னம் ஐயர் மூண்டு தலைமுறைப் பேரைச் சொல்லுவார். அப்பப்பா, பூட்டன் எல்லாம் செத்த ஆக்கள்தான். அப்ப ஒருத்தரும் கூடாதெண்டு எழும்பிப் போறேல்லையே."

மேனகா என்னைப் பார்த்தாள். ரமணனைப் பார்த்தாள். "வந்த நாளில இருந்து வாயே திறக்காத மனுசி. திறந்தா இப்பிடித்தான் திறப்பா போல." பிறகு கரண்டியை எடுத்தாள். "எத்தினை பேர்?"

"அஞ்சு."

"அஞ்சோட நிப்பாட்டச் சொல்லுங்கோ. ஏதும் நடந்தா நீங்கள்தான் பொறுப்பு."

ரிசெப்ஷன் மார்க்கம் பக்கத்து ஹோல் ஒன்றில். எனக்கு வழக்கமான இடம் கடைசி மேசை, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில். அக்காவையும் அதில் இருத்தியிருந்தேன். மஞ்சள் பூப்போட்ட உடுப்பும் அதே துணியில் தலைக்கட்டும் உடுத்து வந்திருந்தார். ரோல்ஸ் கொண்டு வந்த பிள்ளைகள் எல்லாரின் பெயரும் அரை மணித்தியாலத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், எயார்கண்டிசனில் இருந்து ஐஸ்கிறீம் வரை குறை சொல்லிக்கொண்டு திரிந்தவர், இந்த மாதிரிப் பெயர் கூப்பிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் மேசைக்கே வந்தார்.

"எங்கட பேரையும் ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ" என்றார்.

மேனகா என் காதில் வந்து, "சொல்லச் சொல்லுங்கோ மாமி, ஆள் கொஞ்சம் குளிரட்டும்" என்றாள். நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா அவரை எழும்பிக் கும்பிட்டு, அவரின் பெயரைக் கேட்டு, ஒருதரம் சொல்லியும் பார்த்தார். அவர் சந்தோசமாகப் போனார். "அவருக்குப் பேர் இருக்கு" என்று அக்கா என்னிடம் சொன்னார்.

சாப்பாடு முடிந்தது. ரமணன் பாட்டைப் போட்டான். எல்லாரும் நடுவுக்கு ஓடினார்கள். அக்கா அவர்களுக்கு நடுவாலே நடந்து போய் மேடைப் பக்கத்தில் நின்றார். ரமணன் மைக்கைக் கொடுத்தான். அந்த இடம் வந்தது. குரல் நின்றது, மேளம் மட்டும் போனது, பிள்ளைகள் குனியத் தொடங்கினார்கள்.

"செலெஸ்தேன்."

கரகரத்த குரல். ஆனால் சரியாகத் தாளத்தில் விழுந்தது. குனிந்த பிள்ளைகள் பாதியில் நின்று நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு கையும் எழும்பவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பெண் சீலையைச் சரிசெய்துகொண்டு கதிரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். ரமணன் தூரத்தில் இருந்து என்னைப் பார்த்தான். அவன் சொன்னது நடக்கப் போகிறது என்பது எனக்கு விளங்கியது. அக்கா அடுத்த பெயரைக் கூப்பிடாமல் நின்றார். முதல் பெயருக்குக் கை எழும்பாமல் அவர் அடுத்ததற்குப் போக மாட்டார். மெசினோடும் அப்படித்தான்.

நான் இருந்தபடியே கையைத் தூக்கினேன். கடைசி மேசையில் இருந்து தூக்கினால் யாருக்குத் தெரியும்? எழும்பினேன். முகம் துடைக்கிற லேஞ்சியைப் பிடித்தபடி கையை உயரத் தூக்கினேன். சபையில் இத்தனை கண் என்மேல் விழுந்தது என் கலியாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"மாத்தில்த்."

மறுபடி தூக்கினேன். மேடைக்குக் கிட்ட நின்ற ஒரு சின்னப் பிள்ளை, சரிகைப் பாவாடை, என்னைப் பார்த்துவிட்டுத் தானும் தூக்கியது. மூன்றாவது பெயரைச் சொல்லும்போது எனக்குப் பின்னால் சமையலறைக் கதவுக்குள் யாரோ அடுக்கின பீங்கான்களைப் போட்டு உடைத்தார்கள். பெயர் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது. ஆனாலும் பத்துப் பதினைந்து கை எழும்பியது. "அன்த்வனெத்" என்றபோது பாதிச் சபை. "லுக்கோம்பே" என்றபோது முழுச் சபையும். அந்தச் சீலைப் பெண்ணும் திரும்பி வந்துவிட்டாள். யாருக்குத் தூக்குகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தூக்கினார்கள்.

ஐந்தும் முடிந்தது. ரமணன் குரலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவன் கொண்டுவரவில்லை, மேளத்தை ஓடவிட்டான். அக்கா கடைசி மேசையைப் பார்த்தார்.

"கன-காம்-பிகை."

எனக்குக் கை வரவில்லை. மற்றவர்களுக்குத் தூக்கின அதே கை, என் பெயருக்குத் தூக்க வெட்கமாக இருந்தது. நிலத்தில் விழப்போகிறது என்று நினைத்தேன். பார்த்தால் மேடையில் ரமணன், காதில் போட்டிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு, வலது கையைத் தூக்கியபடி நிற்கிறான். அவன் என் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. கையைத் தூக்கினான். பிறகு மேனகா தூக்கினாள். பிறகு எல்லாரும். மிசிசாகாப் பெரியப்பாவும் தூக்கினார். அவர் தன் பெயர் அடுத்ததாக வரும் என்று கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். அப்போது ரமணன் பாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தான். எல்லாரும் துள்ளினார்கள்.

ஒப்பரேஷன் முடிந்து கோடை தொடங்கியபோது அக்கா திரும்பி வந்தார். குரல் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவர் மூடியில் தட்டினார், நான் பெயர்களைச் சொன்னேன், அவர் கை தூக்கினார். வரிசை பிழைத்தால் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துவார். இலை உதிர்கிற நேரம் மொன்றியலில் இருந்து அவரின் பெறாமகள், சகோதரத்தின் மகள், வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண்தான் பிறகு டெலிபோனில் சொன்னாள். மார்கழி மாதம். அமைதியாகத்தான் போனாராம்.

ரமணன் அன்றைக்கு ஹோலில் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தான். அந்தப் பெயர்களை எடுத்துப் பாட்டின் ஓட்டைக்குள் வைத்துவிட்டான். அவனிடம் இருந்து மற்ற டிஜேக்கள் வாங்கினார்கள். இப்போது பிரம்ரனிலும் ஸ்ரௌவ்வில்லிலும் அதைத்தான் போடுகிறார்கள் என்று சொல்கிறான். போன மாதம் அஜக்ஸில் ஒரு பிறந்தநாள். எனக்குத் தெரிந்த முகம் நாலைந்துதான். பாட்டு வந்தது. அந்த இடத்தில் பிள்ளைகள் குனியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் கையைத் தூக்கி இறக்கினார்கள். அதை ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் பீங்கான் உடைகிற சத்தம் வந்தது, அதற்கும் தூக்கினார்கள். பிறகு என் பெயர் வந்தது. முன்பின் தெரியாத அவ்வளவு பிள்ளைகளும் கனகாம்பிகைக்குக் கை தூக்கினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெட்டை என் தோளைத் தட்டினாள்.

"அம்மம்மா, நீங்களும் ஹான்ட்ஸ் அப். இதுதான் ஸ்டெப்."

என் பெயருக்கு நான் தூக்கவில்லை. அதற்குப் பிறகு, பாட்டு திரும்பி வர முன்னம், மேளம் ஒருதரம் மட்டும் தனியாக விழும். அந்த இடத்தில் யாருடைய பெயரும் இல்லை. அதற்குத்தான் தூக்கினேன்.

இதை வாசிக்கிறவர்களில் அந்த நாட்டை அறிந்தவர்கள், அந்த பாண்டின் பாட்டை நேரில் கேட்டவர்கள், அப்படி யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் ஓர் உதவி செய்ய வேண்டும். நான் எழுதின பெயர்களையும் அவரவர் செய்த வேலையையும் ஒருதரம் சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக மூன்றாவது பெயர். பிழைத்தால் தட்டித் திருத்த இப்போது அக்கா இல்லை. மொகாலோ என்றுதான் என் நினைவு. வாசலில் ரிக்கற் கிழித்தவர் என்றும் நினைவு. ஆனால் என் நினைவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். சரியென்று யாராவது சொன்னால் ரமணன் அதைத் திருத்திப் போடுவான். பிள்ளைகள் இப்போது பீங்கான் சத்தத்துக்குக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஓர் ஆள் இருக்கிறார்.